மிளகாய் அரைத்தவர்களின் முகம்

செங்காட்டுப்புதூரில் அவரவர் முகத்தில் அவரவர் எதிரியின் முகம் வந்து உட்காரத் தொடங்கிய வருசம் மழை எப்போதும் போலத்தான் பெய்தது, தேங்காய் விலை எப்போதும் போலத்தான் விழுந்தது, மினி பஸ் எப்போதும் போலத்தான் வந்தால் வந்தது வராவிட்டால் இல்லை, ஆகவே நாங்கள் வானத்தையோ கிரகத்தையோ குறை சொல்லப் போகவில்லை. முதலில் மாறியது பொங்கியண்ணனுக்கு. ஆவணி மாதத்தில் ஒரு காலையில் அவர் எழுந்து வாசலில் குந்திப் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் பெண்சாதி சாமியாத்தாள், வரப்புத் தகராறில் வருசக்கணக்காகத் தங்களோடு மல்லுக்கு நிற்கும் மாரப்பன்தான் தங்கள் வாசலில் உட்கார்ந்து தங்கள் செம்பில் வாய் கொப்பளிக்கிறான் என்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். வந்து கையை ஓங்கும்போது அந்த ஆள் தினமும் செய்வதைப் போலத் துப்பிக்கொண்டே மாரப்பனையும் மாரப்பனைப் பெற்றவளையும் வைய ஆரம்பித்ததும், மாரப்பனை இவ்வளவு நேர்த்தியாக வைய இந்த ஜில்லாவில் தன் புருசனை விட்டால் ஆள் கிடையாது என்று தெரிந்து, விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் காபி வைக்கப் போனாள்.

மறுநாள் மாரப்பனுக்குப் பொங்கியண்ணன் முகம் வந்தது. இருவரும் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று, தன் முகத்தையே எதிரில் பார்த்து, "இந்த மூஞ்சிக்குக் காடு ஒரு கேடா" என்று வெயில் ஏறும் வரைக்கும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் நாளுக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று மாறி, தீபாவளிக்குள் பாதி ஊர் மாறிவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிய வேண்டுமானால் எங்கள் ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கும் ஆசைதான், கிடைக்க மாட்டேன் என்கிறது. இங்கே பகை என்பது கோபம் இல்லை, பழக்கம். கோபம் என்றால் ஆறிப்போகும். இரண்டு வீடுகளுக்குள் பேச்சு வார்த்தை நின்றதென்றால் நின்றதுதான். கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள், எழவுக்குப் போக மாட்டார்கள், எதிரெதிரே வந்தால் துப்பிவிட்டுப் போவார்கள். எதையாவது சொல்லியே தீர வேண்டும் என்றால் பக்கத்தில் கட்டியிருக்கும் மாட்டைப் பார்த்து, "ஏ செவலை, மடை ஒடைஞ்சு கெடக்குது, கண்ணு தெரியாதவியளுக்கு ஆரு சொல்றது" என்று எதிராளியின் காதில் விழும்படி சொல்வார்கள். எங்கள் ஊர் மாடுகளுக்குத் தெரியாத குடும்ப விவகாரம் எதுவும் கிடையாது.

மாட்டிடம் சொல்லியும் மனசு ஆறாதவர்கள் செங்காட்டம்மன் கோயிலுக்குப் போவார்கள். அங்கே வேப்பமரத்தடியில் வரிசையாக அம்மிக்கல் கிடக்கும். வரமிளகாயை வைத்து அரைத்து, அந்த விழுதை அம்மன் சிலையின் மேல் பூசினால், அவளுக்கு எரிகிற எரிச்சலில் நம் எதிரியைப் பிடித்து ஆட்டுவாள் என்பது நம்பிக்கை. பேரைச் சொல்லக் கூடாது. அம்மனுக்குப் பேர் தெரியாது, முகம்தான் தெரியும். அரைக்கிறவர் மனசில் எந்த முகம் இருக்கிறதோ அந்த முகத்துக்குத்தான் மிளகாய் போய்ச் சேரும். அதனால் கோயில் பண்டாரம் ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவார்: "மொகம் நழுவக் கூடாது. நடுவுல பெத்த புள்ளை மொகம் வந்தாலும் அக்கட்டால தள்ளிப்போடோணும். இல்லீன்னா காந்தல் அந்தப் புள்ளைக்குப் போயிரும்." எங்கள் ஊர்ப் பெண்கள் கண்ணை இறுக்க மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க அரைப்பதைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள், என்ன ஒரு பக்தி என்பார்கள். பக்தியும் இல்லை ஒன்றும் இல்லை, பிள்ளைகளின் முகத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை பேர் இத்தனை காலம் எதிரியின் முகத்தை இத்தனை பத்திரமாக மனசில் வைத்துக் காப்பாற்றினால் அது ஒருநாள் தோலுக்கு வராமல் என்ன செய்யும் என்பது என் கட்சி. இதற்கு மேல் காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது.

காரணத்தைத் தேடி யாரும் மெனக்கெடவும் இல்லை. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு வேன் வந்தது. வந்த டாக்டரம்மா எல்லோருடைய கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு, நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை என்று ஆளுக்கொரு பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். பூச்சி போனது, முகம் போகவில்லை. நாங்கள் ஆட்களை நடையை வைத்தும் குரலை வைத்தும் சட்டையை வைத்தும் அடையாளம் கண்டுகொள்ளப் பழகினோம். ரேஷன் கடையில் கைரேகை இருந்ததால் சிக்கல் இல்லை. சலூன்காரர் ராஜாமணி மட்டும், "கழுத்துக்கு மேல பாத்தாக் கொழப்பமுங், நான் இப்பெல்லாம் தோளைப் பாத்துத்தான் பேரு சொல்றது" என்று குறைப்பட்டுக்கொண்டார். முகத்தைக் காட்டிக் கைபேசி திறக்கிற பயல்கள் ஒரே வாரத்தில் எதிராளியின் கைபேசியைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் படித்துவிட்டார்கள், அதில் புதிதாக ஏழெட்டுப் பகை முளைத்தது, அதில் இன்னும் ஏழெட்டு முகம் மாறியது.

சண்டைகளும் நிற்கவில்லை. முதலில் கொஞ்ச நாள் தடுமாறினார்கள். கன்னத்தில் அறையலாம் என்று கையை ஓங்கினால் எதிரில் இருப்பது தன்னுடைய கன்னம், தானே ஷேவ் செய்து பவுடர் போட்டு வளர்த்த கன்னம், கை வரவில்லை. பிறகு முதுகில் அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவருக்கோ ஏகப்பட்ட சந்தோசம். தெருவுக்கு நாலு பேர் அவர் முகத்தோடு திரிய, "பாத்தீங்களா, அத்தனை பேரு மனசுலயும் நான் இருக்கறன்" என்று அவர் டீக்கடையில் சொல்ல, ஆமாங்க ஆமாங்க என்று அவர் முகங்களே அவருக்குப் பதில் சொல்லின. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால், "மாப்பிள்ளை மொகத்துல இருக்கறது ஆருங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். சொந்த முகத்தோடு இருந்த கொஞ்சநஞ்சம் பேரை யாரும் நம்பவில்லை. தன்னைத் தவிர வேறு யாரையும் நினைக்காதவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்றார்கள். என் முகம் யாருடையது என்று நீங்கள் கேட்பீர்கள். என் மச்சினனுடையது. அவன் யோக்கியதைக்கு அது கிடைத்ததே அதிகம்.

கைத்தறி வைத்திருந்த வையாபுரிக்கு மட்டும் தன் பெண்சாதியின் முகமே வந்தது. பாருங்கள், இந்தக் கலிகாலத்திலும் பெண்டாட்டியையே நினைத்துக்கொண்டிருக்கிற மனுசன் என்று அவள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனாள். தறிக்குள் அவர் அவளை என்னவெல்லாம் சொல்லி முனகுவார் என்று தெரிந்த நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வந்தது போக, மாறிய முகங்களில் ஒன்றுகூட ஆசைப்பட்டவர்களின் முகமாகவோ பெற்ற பிள்ளையின் முகமாகவோ இல்லை. காதலித்துக் கட்டியவர்கள் இருந்தார்கள், பிள்ளைக்காகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னவர்கள் இருந்தார்கள், எல்லோருக்கும் வரப்புக்காரனும் பங்காளியும்தான் முகமாக வந்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் பிற்பாடு மயிலாத்தாள் மேல் ஒரு சொல் அவ்வளவு திடீரென்று போய் விழுந்திருக்காது.

மயிலாத்தாள் எங்கள் ஊரின் தென்கோடியில், தென்னந்தோப்பை ஒட்டி, தனியாக இருந்தவள். அவள் வீட்டுக்கும் அவள் கொழுந்தன் சென்னியப்பன் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் இவர்கள் முறை. மாமனார் செத்த கையோடு பாகம் பிரித்ததில் ஒரு தென்னை கூடக் குறையப் போய்ப் பேச்சு நின்றது, அதிலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்தால் துப்புவதோடு சரி. அவளுக்கு ஒரே மகன், பூபதி. பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். ஊரில் யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற பையன், யாரோடு பேச்சு உண்டு யாரோடு இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாதவன், அந்த விதத்தில் எங்கள் ஊருக்குப் பொருந்தாதவன். முகங்கள் மாறுவதற்கு முந்தின வருசம், தங்கள் முறை நாளன்று விடியக்காலையில் மோட்டார் போடப் போனவன், ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்ததும் மின்சாரம் பாய்ந்து அங்கேயே கிடந்தான். முந்தின நாள் சென்னியப்பனின் முறை.

வேண்டுமென்றே வயரைச் சுரண்டி வைத்துவிட்டுப் போய்விட்டான் என்றாள் மயிலாத்தாள். போலீஸ் வந்தது, பழைய வயர், விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. அவள் புருசன் மகன் போன துக்கத்தில் படுத்தவர் எழவில்லை. அவள் அழவில்லை என்று ஊரில் பேசினார்கள். அழுவதற்கு அவளுக்கு நேரம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. ஒவ்வொரு அமாவாசைக்கும் கோயிலுக்குப் போய் மடி நிறைய மிளகாயைக் கொட்டி அரைத்தாள், அரைக்க அரைக்கப் பூபதியின் முகம் வந்து வந்து நின்றது, வந்ததையெல்லாம் தள்ளினாள். செத்த பிள்ளைக்கு மேற்கொண்டு என்ன ஆகிவிடப்போகிறது என்று பண்டாரமே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். செத்த இடத்திலும் அவனுக்கு எரியக் கூடாது என்று அவள் சொன்னாள். அப்படித் தள்ளித் தள்ளிப் பழகியதில், பிறகு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாலும், தேங்காய் மட்டை உரித்தாலும், பூபதி வந்தால் தள்ளுவதும் சென்னியப்பனைப் பிடித்து வைப்பதும் அவளுக்குத் தானாகவே நடந்தது.

கார்த்திகை மாதத்தில் அவளுக்கு முகம் மாறியது. பால் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வந்தவளைப் பார்த்து நாங்கள் வழி விட்டோம், ஏனென்றால் வந்தது சென்னியப்பன். அந்த மேடான நெற்றி, அந்தத் தொங்கிய கன்னம், அந்த ஈரல் நிற உதடு, கீழே மட்டும் மயிலாத்தாளின் ஊதா சீலை. யாருக்கும் ஆச்சரியமில்லை. எதிரியின் முகம் வருவது இதற்குள் எங்களுக்குச் சளி பிடிப்பது மாதிரி ஆகிவிட்டது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, போசியைச் சாய்த்துப் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பப் போனாள். அப்போதுதான் சொசைட்டியில் பால் அளக்கிற துளசிமணி, நாக்கில் நரம்பில்லாதவள், பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது போலச் சொன்னாள்: "பெத்த பையனையே நெனச்சிட்டு இருக்கறன்னு சொல்லுவா. அப்படி நெனச்சிருந்தா அவன் மொகமில்ல வந்திருக்கோணும்."

மயிலாத்தாள் நின்றாள். திரும்பித் துளசிமணியைப் பார்த்தாள். கையில் இருந்த போசியால் ஒரு போடு போடுவாள் என்று எதிர்பார்த்தோம். ஒன்றும் செய்யாமல் போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவள் என்ன செய்தாள் என்பது பக்கத்துத் தோப்பில் தேங்காய் போட வந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பகலெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பூபதியை நினைத்துக்கொண்டிருந்தாளாம். சுவரில் அவன் போட்டோ இருந்தது. பாலிடெக்னிக் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது, கண்ணை அகல விரித்து வாயை மூடி, யாரோ அதட்டி உட்காரவைத்த பையனின் முகம். அது அவன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சோறு பிசைகிறபோது அவன் புருவம் எப்படிச் சுருங்கும், பொய் சொல்லும்போது எந்தக் கன்னத்தில் குழி விழும், வலதா இடதா, மீசை முளைத்த புதிதில் கண்ணாடி முன்னால் நின்று உதட்டை எப்படிக் கோணுவான், ஒன்றும் வரவில்லை. கையால் பிடித்து இழுக்கிற மாதிரி மனசால் இழுத்தாள். இழுத்தால் வருவது சென்னியப்பன். எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள், அங்கேயும் சென்னியப்பன். கண்ணாடியை உரலில் போட்டு உடைத்தாள்.

அது உடைந்த சத்தத்தைக் கேட்டுப் போன தேங்காய்க்காரர் தண்டபாணியிடம் அவள் கேட்டாளாம்: "ஏப்பா, எம் பையனுக்குக் குழி உழறது எந்தக் கன்னத்துலன்னு உனக்கு நாவகம் இருக்குதா?" அவருக்கு இல்லை. ஊரில் யாருக்கும் இல்லை. எல்லோருக்கும் அவரவர் ஆள் இருந்தார்கள், வேறொருவர் பிள்ளையின் கன்னத்தை ஞாபகம் வைக்க எங்கே இடம்?

தண்டபாணி மூலமாகத்தான் அவள் கண்டுபிடித்த வழியும் எங்களுக்குத் தெரிய வந்தது. சென்னியப்பன் உயிரோடு இருக்கிற வரைக்கும் அவள் மனசில் அவன்தான் இருப்பான். அவன் போனால் அந்த இடம் காலியாகும். காலியானால் பையன் வருவான். இதை அவள் கணக்கு வாத்தியார் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னாளாம். சொல்லிவிட்டு, "அருவாளை வெச்சுட்டுப் போ" என்றாளாம். தண்டபாணி வைத்துவிட்டு வந்துவிட்டார். எங்கள் ஊரில் யாரும் யாரையும் தடுப்பதில்லை.

சென்னியப்பனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஊரில் முதன்முதலில் முகம் மாறியவர்களில் அவரும் ஒருவர் என்று பேச்சு, ஆனால் ஒருவரும் பார்த்ததில்லை. புரட்டாசி தொடக்கத்திலிருந்தே தலையோடு துண்டைச் சுற்றி முகத்தை மூடி, கண் மட்டும் தெரிய வைத்துக்கொண்டார், கடைக்குப் போவதை விட்டார், சலூனுக்கு வருவதை விட்டார். அவர் பெண்சாதி பொன்னாத்தாள் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மொகத்தோட ஒரு வீட்டுல என்னால இருக்க முடியாது என்று மட்டும் சொன்னாளாம். எங்களுக்குச் சிரிப்பு. அவருக்கு மயிலாத்தாள் முகம் வந்திருக்கிறது, பொட்டச்சி முகத்தை வைத்துக்கொண்டு ஆம்பளை எப்படி வெளியே வருவான் என்று டீக்கடையில் பேசிப் பேசிச் சிரித்தோம்.

அன்று மத்தியானம் மயிலாத்தாள் வேலியைச் சுற்றிக்கொண்டு போகாமல் முள்ளை அருவாளால் வெட்டி விலக்கி நேராகவே போனாள். தகவல் தெரிந்து நாங்கள் இருபது முப்பது பேர் பின்னாலேயே போய் வேலியோரம் நின்றோம். நல்ல வெயில். சென்னியப்பன் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தார், துண்டு தலையைச் சுற்றி இருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். தன் முகம் ஊதா சீலை கட்டிக்கொண்டு அருவாளோடு நிற்பதைப் பார்த்தார். அவர் ஓடவில்லை.

"மொகத்தைத் தொறடா" என்றாள் மயிலாத்தாள்.

"வேண்டாமுங் நங்கை" என்றார் அவர். அண்ணன் பெண்சாதியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவது. பாகம் பிரித்ததிலிருந்து அவர் அவளை அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

"எம் மொகத்தை வெச்சிட்டு என்னைய நங்கைங்கறயா. தொறடா."

அவர் அசையாமல் இருக்கவும், அவளே அருவாள் மூக்கைத் துண்டில் கொடுத்து இழுத்தாள். துண்டு அவிழ்ந்து நறுக்கிய சோளத்தட்டின் மேல் விழுந்தது. அவள் அருவாளை ஓங்கினாள், ஓங்கியது ஓங்கியபடி நின்றது.

துண்டுக்குள் இருந்தது பூபதி. நரைத்த முடி மண்டிய நெஞ்சுக்கு மேலே, சுருக்கம் விழுந்த கழுத்துக்கு மேலே, இருபது வயசுப் பூபதி. பூனை மீசை, புருவத்தில் சைக்கிளிலிருந்து விழுந்த வெட்டு, காலையில்தான் குளித்துவிட்டு வந்தது போன்ற தோல். போட்டோவில் இருந்ததைப் போல இல்லை, அசைந்தது. மூக்கு விடைத்தது, கண் நிறைந்தது, உதடு நடுங்கி, நடுங்கியதை அடக்கப் பார்த்தபோது இடது கன்னத்தில் குழி விழுந்தது. வேலியோரம் நின்றிருந்த துளசிமணி எங்களை விலக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றாள். எங்களில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்த முகம் பேசியது, சென்னியப்பனின் கரகரத்த குரலில்.

"மொதநாளே எனக்கு ஸ்டார்ட்டர்ல விறுவிறுன்னு அடிச்சுதுங் நங்கை. லேசாத்தான். நாளைக்கு அவிய மொறையாச்சே, சொல்லோணுமேன்னு வேலி வரைக்கும் வந்தன். நீங்க வாசல்ல சாணி தட்டிட்டு இருந்தீங்க. என்னையப் பாத்துத் துப்புனீங்க. சரி போன்னு நானும் துப்பிட்டுத் திரும்பிட்டன்." விழுந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார்: "மாட்டைப் பாத்தாச்சும் சொல்லியிருக்கலாம். மாடு அங்கதான் நின்னுச்சு."

மயிலாத்தாளின் முகம், அதாவது சென்னியப்பனின் முகம், என்ன பாடு பட்டது என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அவன் மட்டும் ஆருமில்லாத நேரத்துல என்னையச் சித்தப்பான்னு கூப்புடுவானுங். கிணத்து மேட்டுல நின்னு கூப்புடுவான். நான் திரும்பிப் பாத்ததில்லை. அன்னீலிருந்து அவன் மொகந்தான். கண்ணை மூடுனாலும் அதுதான், தொறந்தாலும் அதுதான். நீங்க மொளகா அரைச்சதெல்லாம் எனக்கு எரியவே இல்லீங். வெட்டறதுன்னா வெட்டுங்க. நானே கேக்கறன், வெட்டுங்க."

அவள் அருவாளை இறக்கினாள். வெட்டவில்லை, கீழே போடவும் இல்லை. இன்னொரு கையை நீட்டி அந்தத் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள், இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், புருவத்து வெட்டைக் கட்டை விரலால் தடவினாள். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற கைதான் அது, ஆனால் விரல் பதிந்த இடம் சிவந்துபோகிற அளவுக்கு அழுத்தமாக இருந்தது.

"சிரி" என்றாள்.

அவரால் முடியவில்லை.

"சிரிடா."

பூபதியின் முகம் எப்படியோ சிரித்தது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மகன் செத்த அன்றைக்கு வந்திருக்க வேண்டிய சத்தம். மாடுகள் மூன்றும் தும்பை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றன. எங்களில் சிலர் அப்போதே கிளம்பிவிட்டோம், நின்று கேட்கிற மாதிரி இல்லை. அவள் அழுது முடித்து, சீலைத் தலைப்பால் சென்னியப்பனின் முகத்தை, அதாவது தன் முகத்தை, துடைத்துக்கொண்டு சொன்னதை நின்றவர்கள் கேட்டார்கள்.

"தெனமும் வருவன். இந்த மொகம் இப்படியே இருக்கோணும். ஒரு பொழுது நீ வேற எதையாச்சும் நெனச்சு, இதுல ஒரு மசுரு நழுவிப் போச்சுன்னா, அன்னிக்கு வெட்டுவன்."

"நழுவாதுங் நங்கை" என்றார் அவர்.

மறுநாளிலிருந்து அவள் தினமும் போனாள். காலையில் பால் ஊற்றிய கையோடு அவர் கொட்டகைக்குப் போய், எதிரில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சென்னியப்பனின் முகம் பூபதியின் முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும், பூபதியின் முகம் குனிந்துகொண்டிருக்கும், குனிந்தால் அவள் அதட்டி நிமிர்த்துவாள். சோறு கொண்டுபோய் அவர் பிசைவதைப் பார்ப்பாள். தேங்காய் விழுந்ததா, மோட்டார் ஓடுகிறதா என்று சும்மா எதையாவது கேட்டு, அவர் வாய் தவறிப் பொய் சொல்கிறபோது குழி விழுவதைப் பார்ப்பாள். அன்போ என்னவோ என்று ஏமாந்துவிடாதீர்கள். அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் செம்புத் தண்ணீரை முகத்தில் அடித்து எழுப்புவாள், மனசு வேறெங்காவது போகிறது என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லுவாள், அவர் வேலி வரைக்கும் வந்ததையும் துப்பியதையும் திரும்பியதையும் மாடு அங்கேயே நின்றதையும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி அவர் இளைத்துப்போனார். உடம்பு மட்டும்தான் இளைத்தது, முகம் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது.

பங்குனியில் திருப்பூரிலிருந்து பொன்னாத்தாள் வந்தாள். புருசனைப் பார்த்தாள், விலா எலும்பை எண்ணலாம் போலக் கிடந்தார். நேராக மயிலாத்தாளின் காலில் விழுந்தாள். அவள் அழுதது பால் சொசைட்டி வரைக்கும் கேட்டது, நாங்களும் போய் வேலியோரம் நின்றோம்.

"அக்கா, அவரு பண்ணுனது பாவந்தான். ஆனா இத்தனை நாளு பட்டாச்சு. நீங்க ஒரு வார்த்தை மன்னிச்சன்னு சொல்லீருங்க. சாகறதுக்கு முன்னாடி அந்த மனுசன் ஒரு நாளாச்சும் நிம்மதியாத் தூங்கட்டும்."

மயிலாத்தாள் காலை விலக்கிக்கொள்ளவில்லை. கொட்டகைக்குள் கவிழ்ந்திருந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, சென்னியப்பனின் உதட்டால், மிகவும் மெதுவாகக் கேட்டாள்:

"அவன் நிம்மதியாத் தூங்கிட்டா, எம் பையன் எங்க போவான்?"